‘ஈர்ப்பு இல்லாத விண்வெளி’ என்ற தொடரை விட்டுவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் 18 நாள்கள் தங்கிவிட்டு, 2025 ஜூலை 15 அன்று பசிபிக் கடலில் வந்திறங்கினார். அதையொட்டித் தங்கள் நாளிதழில் வெளிவந்த செய்திகளையும் கட்டுரைகளையும் ஒன்று விடாமல் படித்து, கத்தரித்து, ஒரு கோப்பில் ஒட்டி வைத்திருக்கிறேன். 1984இல் ராகேஷ் சர்மா சல்யூட் 7 நிலையத்துக்குச் சென்றபோது நான் கல்லூரி மாணவன். அதற்குப் பின் 41 ஆண்டுகள் காத்திருந்து இன்னொரு இந்தியரை விண்ணில் பார்த்த மகிழ்ச்சியை எழுத்தில் சொல்லி முடியாது. அந்தக் கோப்பை அண்மையில் மறுபடி புரட்டியபோதுதான் ஒரு தொடர் ஏழெட்டு இடங்களில் கண்ணில் பட்டது. ‘புவியீர்ப்பு விசை இல்லாத விண்வெளியில்’ என்பதே அது. ஓரிடத்தில் ‘ஈர்ப்பு விசை பூஜ்ஜியமான நிலையத்தில்’ என்றும் இருந்தது. தங்கள் நாளிதழ் மட்டுமே இப்படி எழுதவில்லை. தொலைக்காட்சியிலும் இதே பேச்சுத்தான். ஆனாலும் பிள்ளைகள் அச்சில் பார்ப்பதை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார்கள் என்பதால் இதைத் தங்களுக்கு எழுதுகிறேன்.

நான் வடசென்னைப் பள்ளி ஒன்றில் 31 ஆண்டுகள் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். வீடு திருவொற்றியூரில். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் ஏவப்படும் மாலைகளில், வானம் தெளிந்திருந்தால், எங்கள் தெருவில் பாதிப் பேர் மொட்டை மாடியில்தான் நிற்பார்கள். வடக்கே அறுபது கிலோமீட்டருக்கு அப்பால், தண்ணீர்த் தொட்டிகளுக்கும் தென்னை மட்டைகளுக்கும் மேலாக, ஒரு நெருப்புப் பொட்டு எழும்பும். கொஞ்ச நேரம் நேராக ஏறும். பிறகு வலப்பக்கமாகக் கடலை நோக்கி வளையத் தொடங்கி, வெண்புகைக் கோடு ஒன்றை விட்டுவிட்டு மறைந்துபோகும். அப்படி ஒரு மாலையில், எட்டாம் வகுப்புப் படிக்கும் பக்கத்து வீட்டுச் சிறுவன் என் சட்டையைப் பிடித்து இழுத்து, “சார், நேரா மேலதானே போகணும்? ஏன் கடல் பக்கமா சாய்ஞ்சு போகுது? விழுந்துடுமா?” என்று கேட்டான். நல்ல கேள்வி; பட்டம் பெற்றவர்கள்கூடக் கேட்கத் தவறும் கேள்வி. “விழுவதற்காகத்தான் அப்படிப் போகிறது. தரையில் மோதாமல் விழுந்துகொண்டே இருப்பதற்காக” என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. “அப்படியானால் மேலே போனவர்கள் ஏன் மிதக்கிறார்கள்?” என்று நான் திருப்பிக் கேட்டதும், யோசிக்காமல் பதில் வந்தது: “அங்க கிராவிட்டியே கிடையாது சார். பேப்பர்லயே போட்டிருக்காங்க.”

அந்தப் பதில்தான் இந்தக் கடிதத்துக்குக் காரணம்.

விண்வெளி நிலையம் பூமியின் தரைமட்டத்திலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர். ஈர்ப்பு, பூமியின் மையத்திலிருந்து உள்ள தொலைவின் இருமடிக்கு (வர்க்கத்துக்கு) எதிர்விகிதத்தில் குறையும் என்பது பத்தாம் வகுப்புப் பாடம். 6,371 என்பது 6,771 ஆகும்போது ஈர்ப்பு எவ்வளவு குறையும் என்று கணக்கிட்டால், தரையில் உள்ளதில் சுமார் 89 விழுக்காடு அங்கேயும் அப்படியே இருக்கிறது என்று விடை வரும். தரையில் ஒரு பொருள் விழும்போது அதன் வேகம் நொடிக்கு நொடி 9.8 மீட்டர் கூடுகிறதென்றால், அந்த உயரத்தில் 8.7 மீட்டர் கூடும். ஒரு பேச்சுக்கு, 400 கிலோமீட்டர் உயரத்துக்கு ஒரு கோபுரம் கட்டி அதன் உச்சியில் எடை பார்க்கும் இயந்திரத்தை வைத்து, கீழே 60 கிலோ காட்டிய ஒருவரை ஏற்றி நிறுத்தினால், முள் 53 கிலோவில் நிற்கும். அவர் மிதக்கமாட்டார். கால் வலிக்க நின்றுகொண்டுதான் இருப்பார். விளிம்பில் கால் தவறினால் கீழேதான் விழுவார். அதே உயரத்தில் அவருக்குப் பக்கத்திலேயே கடந்து செல்லும் விண்வெளி நிலையத்துக்குள் இருப்பவர் மட்டும் மிதக்கிறார். உயரம் ஒன்றுதான், ஈர்ப்பும் ஒன்றுதான்; அப்படியிருக்க வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

எடை என்று நம் உடம்பு உணர்வது ஈர்ப்பை அன்று, தரை நம்மைத் தாங்குவதைத்தான். உள்ளங்காலில் தரை கொடுக்கும் அழுத்தமும், நாற்காலி இடுப்புக்குக் கொடுக்கும் தாங்கலும், முதுகெலும்பு ஒவ்வொரு கண்ணியாகத் தனக்கு மேலிருப்பதைச் சுமப்பதும் சேர்ந்துதான் நமக்குக் ‘கனம்’ என்று படுகிறது. தாங்குவது எதுவும் இல்லாமல், நம்மோடு நம்மைச் சுற்றியுள்ள எல்லாமும் ஒரே வீதத்தில் விழுந்தால், ஈர்ப்பு முழுதாக இருந்தும் எடை தெரியாது. லிஃப்ட் சட்டென்று கீழிறங்கும்போது ஒரு கணம் அடிவயிறு கூசுவதையும், தீவுத்திடல் பொருட்காட்சியில் ராட்சத ராட்டினம் உச்சியிலிருந்து இறங்கும்போது குடல் மேலேறுவது போல் இருப்பதையும் அறியாதவர் சென்னையில் குறைவு. அந்த ஒரு கணத்தை நாள் முழுவதும் நீட்டினால் அதுவே விண்வெளி நிலையத்து வாழ்க்கை. கூரையிலிருந்து விழும் மனிதனுக்கு, விழுந்துகொண்டிருக்கும் வரை, தன் எடை தெரியாது என்ற எண்ணம் 1907இல் ஆல்பர்ட் ஐன்ஸ்டைனுக்குத் தோன்றியது. அந்த ஓர் இழையைப் பிடித்துக்கொண்டு எட்டு ஆண்டுகள் உழைத்து, 1915இல் அவர் ஈர்ப்பைப் பற்றிய பொதுச் சார்பியல் கோட்பாட்டை முடித்தார்.

சிறுவனுக்கு ஐன்ஸ்டைனைச் சொல்லவில்லை; ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்துவரச் சொன்னேன். இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில். அடியிலிருந்து நாலு விரல் உயரத்தில் பக்கவாட்டில் ஆணியைச் சுட்டு ஒரு ஓட்டை போட்டோம். ஓட்டையை விரலால் அடைத்துத் தண்ணீர் நிரப்பி, மூடியைத் திறந்தே வைத்து, மாடி விளிம்பில் பிடித்து விரலை எடுத்தால் தண்ணீர் வில்லாக வளைந்து பீய்ச்சியது. “இப்போது பாட்டிலை விட்டுவிடு, ஓட்டையை மட்டும் பார்” என்றேன். கீழே என் மகள் கைபேசியில் ஸ்லோ மோஷனில் படம் எடுத்தாள். கை விட்ட அந்தக் கணமே தண்ணீர் நின்றுவிட்டது. ஓட்டை திறந்தே இருக்கிறது, பாட்டிலில் முக்கால்வாசித் தண்ணீர் இருக்கிறது, ஆனால் ஒரு சொட்டு வெளியே வரவில்லை. வழியில் முன்பே வெளியேறியிருந்த துளிகள் சில பாட்டிலுக்குப் பக்கத்திலேயே, அதோடு சேர்ந்து, அசையாதவை போல இறங்கிக்கொண்டிருந்தன. பாட்டிலைக் கை தாங்கியிருந்தவரை, தண்ணீர் தன் எடையால் ஓட்டையின் பக்கம் அழுத்தியது; இரண்டும் சேர்ந்து விழத் தொடங்கியதும் ஒன்றை ஒன்று அழுத்துவதற்கு எதுவும் இல்லை. முக்கால் நொடிக்குச் சற்று அதிகமான நேரம்தான். சிறுவன் அந்தப் படத்தை நான்கு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, “அப்ப நம்ம மாடியிலயும் ஜீரோ கிராவிட்டி வந்துச்சா?” என்றான். ஈர்ப்பு போய்விட்டிருந்தால் பாட்டில் தரைக்கு எப்படி வந்திருக்கும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

சரி, விண்வெளி நிலையமும் விழுகிறதென்றால் ஏன் தரையில் மோதவில்லை? இதற்கு ஐசக் நியூட்டன் 17ஆம் நூற்றாண்டிலேயே விடை சொல்லிவிட்டார். மிக உயர்ந்த மலையுச்சியிலிருந்து பீரங்கிக் குண்டைக் கிடைமட்டமாகச் சுட்டால் சற்றுத் தள்ளி விழும்; வேகத்தைக் கூட்டினால் இன்னும் தள்ளி விழும்; வேகம் போதுமானதாக இருந்தால், குண்டு வளைந்து இறங்கும் அளவுக்குப் பூமியின் தரையும் வளைந்து கீழே விலகிக்கொண்டே போகும் என்பது அவர் காட்டிய வழி. அதை நம் ஊர்க் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். கையிலிருந்து விட்ட கல் முதல் நொடியில் 4.9 மீட்டர் விழும். மெரினா கலங்கரை விளக்கத்திலிருந்து கிண்டி ரயில் நிலையம் வரை நேர்கோட்டில் ஏறத்தாழ 8 கிலோமீட்டர். அவ்வளவு தொலைவுக்கு வளைவே இல்லாத நேர்ப்பலகை ஒன்றைக் கலங்கரை விளக்கத்தின் அடியில் மட்டமாகப் பொருத்தி நீட்டினால், கிண்டியில் அதன் முனை, பூமியின் வளைவால் மட்டுமே, தரையிலிருந்து ஏறக்குறைய 5 மீட்டர் உயரத்தில் நிற்கும். ஆக, நொடிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது ஒரே நொடியில் மெரினாவிலிருந்து கிண்டிக்குப் போகும் வேகத்தில், ஒரு பொருள் பாய்ந்தால் அது ஐந்து மீட்டர் விழுவதற்குள் தரையும் ஐந்து மீட்டர் விலகியிருக்கும். விழும், ஆனால் எட்டாது. விண்வெளி நிலையத்தின் வேகம் நொடிக்குச் சுமார் 7.7 கிலோமீட்டர், 92 நிமிடத்தில் ஒரு சுற்று, நாளுக்கு ஏறத்தாழ 16 முறை அங்கே சூரியன் உதிக்கிறது.

ராக்கெட் ஏன் சாய்கிறது என்பதற்கும் இதுவே விடை. உயரம் ஏறுவது அதன் வேலையில் சிறு பகுதிதான். எரிபொருளின் பெரும்பகுதி பக்கவாட்டு வேகம் பெறுவதற்கே செலவாகிறது. நேராக 400 கிலோமீட்டர் ஏறிவிட்டு எஞ்சினை அணைத்தால், ராக்கெட் ஏறிய வழியே திரும்பி விழுந்துவிடும். ஈர்ப்பு அங்கே இல்லையென்றால் சாய வேண்டிய தேவையே இருக்காது. பூமி சுழலும் வேகமும் துணைக்கு வரட்டும் என்றுதான் கிழக்கே கடலை நோக்கி ஏவுகிறார்கள். தெற்கு நோக்கித் துருவப் பாதைக்குப் போகும் செயற்கைக்கோள்கள் மட்டும் இலங்கையின் மேல் பறக்காமல் வளைந்து சுற்றிச் செல்ல வேண்டியிருப்பதால், அந்த எரிபொருளை மிச்சப்படுத்தவே தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

வளிமண்டலம் முடியும் இடத்தில் ஈர்ப்பும் முடிந்துவிடுகிறது என்ற எண்ணம்தான் இந்தப் பிழையின் வேர் என்று நினைக்கிறேன். காற்று இல்லை, ஆகவே ஈர்ப்பு இல்லை என்று பலர் இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். உண்மை அப்படியானால் நிலா நம்மோடு எப்படி நிற்கும்? நிலா பூமியிலிருந்து சராசரியாக 3,84,400 கிலோமீட்டர், அதாவது பூமியின் ஆரத்தைப் போல் அறுபது மடங்குத் தொலைவில் இருக்கிறது. அறுபதின் இருமடி 3,600. மாடியிலிருந்து விட்ட கல் ஒரு நொடியில் விழும் 4,900 மில்லிமீட்டரை 3,600ஆல் வகுத்தால் ஒன்றரை மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. நிலா தன் நேர்வழியிலிருந்து ஒவ்வொரு நொடியும் பூமியை நோக்கி விழும் அளவு அதுதான். கல்லை விழவைப்பதும் நிலாவைச் சுற்றவைப்பதும் ஒரே விசை என்பதற்கு நியூட்டன் கண்ட சான்று இந்தக் கணக்கே. ஒவ்வோர் ஆண்டும் கரும்பலகையில் இதைப் போட்டு முடித்துத் திரும்பிப் பார்க்கும்போது, கடைசி பெஞ்சில் இருக்கும் ஓரிரு முகங்களாவது விரிந்திருக்கும். அந்த முகங்களுக்காகவே 31 ஆண்டுகளும் ஓடின.

நிலாவின் ஈர்ப்பும் நம் ஊர்க் கரைக்கு வந்து சேர்கிறது. காசிமேட்டில் படகு கட்டுபவர்களைக் கேட்டால், அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் கூடுதலாக ஏறுவதைப் பஞ்சாங்கம் பார்க்காமலே சொல்வார்கள். பூமியின் நிலாவை நோக்கிய பக்கத்தில் அதன் ஈர்ப்பு சற்று மிகுதி, மறுபக்கத்தில் சற்றுக் குறைவு; அந்த வேறுபாட்டால் கடல் இரு பக்கமும் சற்றே புடைக்க, ஏறத்தாழ 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை ஓதம், அதாவது கடல்மட்டம், ஏறுகிறது. சூரியன் எவ்வளவோ பெரிது என்றாலும், தொலைவின் காரணமாக அதன் பங்கு நிலாவின் பங்கில் பாதிக்கும் குறைவு; இரண்டும் ஒரே கோட்டில் சேரும் அமாவாசை, பௌர்ணமி நாள்களில் ஏற்றம் பெரிதாகிறது. சென்னையில் இது சுமார் ஒரு மீட்டர் அளவுதான், குஜராத்தின் பாவ்நகர்க் கரையைப் போல் பத்து மீட்டரைத் தாண்டுவதில்லை. ஆனால் சரிவே இல்லாத இந்த ஊரில் அந்த ஒரு மீட்டரும் சிறிதன்று: பெருமழை நாளில் ஓதம் ஏறியிருந்தால் அடையாறும் கூவமும் முகத்துவாரத்தில் கடலுக்குள் இறங்க முடியாமல் தேங்குவதை வெள்ளம் பார்த்த சென்னைவாசி மறக்கமாட்டார். நான்கு லட்சம் கிலோமீட்டருக்கு அருகில் இருக்கும் ஒன்று நம் கூவத்தின் நீர்மட்டத்தை மாற்றுகிறது. வெறும் 400 கிலோமீட்டரில் ஈர்ப்பு அற்றுப்போகிறது என்று எப்படி எழுதுவது?

தாங்கல் இல்லாமல் போவதன் விளைவுகள் விண்வெளி வீரர்களின் உடம்பில் தெரிகின்றன. இவற்றைத் தங்கள் நாளிதழ் விரிவாகவே எழுதியது, நன்றாகவும் எழுதியது. எடை தாங்கும் வேலை இல்லாததால் இடுப்பெலும்பு போன்றவை மாதத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை விழுக்காடு வரை அடர்த்தி இழக்கின்றன; தசைகள் மெலிகின்றன; கால்களில் தங்கும் நீர் மேலேறி முகம் உப்புகிறது. நாள்தோறும் இரண்டு மணி நேர அளவுக்கு உடற்பயிற்சி செய்தே அவர்கள் இதை ஓரளவு தடுக்கிறார்கள். சுக்லா அங்கே முளைக்கவைத்த பச்சைப்பயறும் வெந்தயமும் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. வேர் நுனியின் உயிரணுக்களில் மாப்பொருள் மணிகள் இருக்கின்றன. அவை கனத்தால் அடியில் படிய, அதைக்கொண்டுதான் வேர் ‘கீழ்’ எது என்று அறிகிறது. விழுந்துகொண்டே இருக்கும் நிலையத்தில் மணிகளுக்குப் படிய ஓர் அடி இல்லை. நம் வீட்டு ரசத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: மேலே தெளிவு, அடியில் மண்டி என்று அது பிரிவதற்குக் காரணம் பாத்திரம் அதைத் தாங்கி நிறுத்துவதே, நிலையத்தில் எவ்வளவு நேரம் வைத்தாலும் ரசம் தெளியாது. அங்கே மெழுகுவர்த்தி ஏற்றினால் சுடர் நீளாமல் உருண்டையாக நிற்கும், ஏனென்றால் சூடான காற்று மேலெழுவதும் கனத்த காற்று கீழே இறங்குவதால்தான் நடக்கிறது. பூமிக்குத் திரும்பிய பிறகு, மிதக்கும் என்ற நினைப்பில் மடிக்கணினியைக் கட்டிலோரத்தில் விட்டுவிட்டதாகச் சுக்லா சொன்னபோது நாடே சிரித்தது. மூன்று வாரம்கூட வேண்டாம், தாங்கலை உடம்பு மறந்துவிடுகிறது.

இந்தத் தாங்கல் என்ற சொல் நட்சத்திரங்களுக்கும் பொருந்தும். மெரினாவைப் பார்த்து நிற்கும் மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930இல் 19 வயதில் மேற்படிப்புக்காகக் கப்பலில் இங்கிலாந்து போகும் வழியில் போட்ட கணக்கு இதைப் பற்றியதுதான். எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குறு விண்மீனை, தன் ஈர்ப்பாலேயே நசுங்கிவிடாமல் எலெக்ட்ரான்களின் அழுத்தம் தாங்குகிறது. சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு நிறையைத் தாண்டினால் அந்தத் தாங்கல் போதாது என்று அவர் கண்டார். 1983இல் நோபல் பரிசு பெற்றவரின் பெயரில் அந்த எல்லை இன்றும் வழங்குகிறது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைவிட அருகில் இருக்கும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

ஈர்ப்பு ஏதோ ஓர் உயரத்தில் அணைந்துபோகும் விளக்கு போன்றதன்று. இடத்துக்கு இடம் அளவு மாறும் ஒன்று என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டச் சென்னையை விட்டுப் போகவே வேண்டாம். நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில், 1792இல் அமைந்த மதராஸ் வானாய்வகத்தின் கருங்கல் தூண் இன்றும் நிற்கிறது. அதில் தமிழிலும் எழுதிப் பொறித்திருக்கிறார்கள். அந்த வானாய்வகத்தில் ஜான் கோல்டிங்காம் என்பவர் 1821இல் ஊசல் ஆட்டிப் பார்த்து ஈர்ப்பை அளந்தார். ஒரு பக்கம் செல்ல ஒரு நொடி எடுக்கும் ஊசலின் நீளம் லண்டனில் சுமார் 99.4 சென்டிமீட்டர், நம் ஊரில் சுமார் 99.1. மூன்று மில்லிமீட்டர்தான், ஆனால் லண்டனில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரத்தைக் கப்பலில் கொண்டுவந்து இங்கே மாட்டினால் நாளுக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம் பின்தங்கும். பூமி சுழல்வதாலும், அதன் இடுப்புப் பகுதி துருவங்களைவிட 21 கிலோமீட்டர் புடைத்திருப்பதாலும் நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க ஈர்ப்பின் அளவு குறைகிறது. முன்பு சொன்ன 9.8 என்ற அளவு நம் ஊரில் 9.78, துருவத்தில் 9.83.

இது வெறும் ஏட்டுக் கணக்கில்லை. கடைகளில் இன்று இருக்கும் மின்னணுத் தராசு, தட்டை அழுத்தும் விசையை அளந்து அதைக் கிராமாக மாற்றிக் காட்டுவது. டெல்லியில் சரிபார்த்த அந்தத் தராசை அப்படியே தியாகராய நகர் நகைக்கடைக்குக் கொண்டுவந்தால், ஒரு கிலோ தங்கத்துக்கு ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவாக அது குறைத்துக் காட்டும். எங்கே பயன்படுத்துகிறோமோ அங்கேயே படிக்கல் வைத்துச் சரிபார்ப்பது இதற்காகவும்தான். என் பாட்டி வைத்திருந்த இரட்டைத் தட்டுத் தராசுக்கு இந்தத் தொல்லை கிடையாது: இரு தட்டிலும் ஈர்ப்பு ஒரே அளவு குறைவதால் அது நிலாவில்கூட அதே கிலோவைத்தான் காட்டும். ‘நிறை’ எங்கும் மாறாது, ‘எடை’ இடத்துக்கேற்ப மாறும் என்று பாடநூல் இரண்டு சொற்களைப் பிரித்து வைத்திருப்பதன் பொருள் இதுதான். செய்தியிலும் அந்த வேறுபாட்டைக் காக்க முடிந்தால் ஆசிரியர்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

இன்னும் வியப்பான ஒன்று நம் தெற்கே கடலில் இருக்கிறது. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில், ஈர்ப்பு குறைந்திருப்பதால் கடல்மட்டமே பூமியின் சீரான வடிவத்துக்குரிய மட்டத்தைவிட 106 மீட்டர் தாழ்ந்திருக்கிறது. டச்சு அறிஞர் வெனிங் மெய்னஸ் 1948இல் இதை வெளிப்படுத்தினார். பூமிக்கடியில் எடை குறைந்த சூடான பாறை மேலெழுந்திருப்பது இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவன ஆய்வாளர்கள் 2023இல் கணினி வழிக் கணக்குகளால் காட்டினர். கப்பல் அந்தப் பள்ளத்தில் சறுக்காது. அங்கே தண்ணீருக்கு அதுதான் மட்டம்.

அதேபோல் ஆட்டோ ஓட்டுநர் கைபேசியில் வழி பார்ப்பதற்கும் ஈர்ப்புக் கணக்கு உள்ளே ஓடுகிறது. 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களில் ஈர்ப்பு குறைவாக இருப்பதால் கடிகாரம் நாளுக்கு 45 மைக்ரோநொடி (ஒரு மைக்ரோநொடி என்பது நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) முந்துகிறது; வேகத்தால் 7 மைக்ரோநொடி பிந்துகிறது. எஞ்சும் 38 மைக்ரோநொடியைத் திருத்தாவிட்டால் ஒரே நாளில் இடம் காட்டுவது பல கிலோமீட்டர் பிசகிவிடும். இங்கும் பாருங்கள், அந்த உயரத்திலும் ஈர்ப்பு ‘குறைவு’தான், ‘இல்லை’ அன்று.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். ‘புவியீர்ப்பு இல்லாத விண்வெளி’ என்று எழுதும் இடத்தில் ‘எடையற்ற நிலை’ என்றோ ‘எடையின்மை’ என்றோ எழுதுங்கள். இரண்டும் தமிழில் ஏற்கெனவே இருக்கும் எளிய சொற்கள். ஆய்வுக் கட்டுரைகளில் வரும் ‘நுண்ணீர்ப்பு’ என்ற சொல்லும் எனக்கு முழு மனநிறைவு தருவதில்லை. ஈர்ப்பு நுண்ணியதாகச் சுருங்கிவிட்டது போன்ற மயக்கத்தை அதுவும் உண்டாக்குகிறது. இடம் இருக்கும்போது ‘விழுந்துகொண்டே சுற்றுவதால் எடை தெரியாத நிலை’ என்று ஒரு முறை விளக்கிவிட்டால், வாசகர் அதன் பிறகு குழம்பமாட்டார். இதை இப்போதே சொல்வதற்கும் காரணம் உண்டு. இந்தியாவே வீரர்களை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் பயணத்துக்குத் தேர்வான நான்கு வீரர்களின் பெயர்கள் 2024 பிப்ரவரி 27 அன்று அறிவிக்கப்பட்டன. அவர்களுள் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். அந்தப் பயணம் நடக்கும் நாள்களில் எல்லாத் தமிழ் நாளிதழ்களிலும் முதல் பக்கம் அதுவாகத்தான் இருக்கும், எல்லாப் பிள்ளைகளும் படிப்பார்கள். அதற்குள் இந்தத் தொடர் தங்கள் செய்தி அறையிலிருந்து விடைபெற்றிருக்க வேண்டும் என்பது என் ஆசை.

தங்கள் சிறுவர் இணைப்பில் கால் பக்கம் ஒதுக்க முடிந்தால், பாட்டில் சோதனையைப் படத்தோடு வெளியிடலாம். ஆணியைப் பெரியவர் யாராவது சுட்டுக் கொடுக்க வேண்டும்; கீழே ஆள் நடமாட்டம் இல்லாததைப் பார்த்துக்கொண்டு பாட்டிலை விட வேண்டும்; ஓட்டை அடியிலிருந்து நாலு விரல் உயரத்தில் இருந்தால் நன்றாகத் தெரியும். நாங்கள் எடுத்த ஸ்லோ மோஷன் படத்தை அனுப்பிவைக்கவும் ஆயத்தமாக இருக்கிறேன். அதில் பாட்டிலை விடும் கை அந்தச் சிறுவனுடையது. முகம் படத்தில் விழவில்லை என்பதில் அவனுக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர்,
திருவொற்றியூர், சென்னை.